ஈரக் கோட்டு

ஜூன் 4

அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க மாட்டேன். உங்கள் நலத்தைப் பற்றி எனக்கு எந்த ஆவலும் இல்லை.

கடிதத்தை ஹோட்டல் முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் அம்மா பிரித்து, படித்து, அழுது, பிறகு பசை போட்டு ஒட்டித்தான் உங்களிடம் கொடுப்பாள். “போன்லயே பேசித் தீத்துக்கோங்களேன்” என்றான் அண்ணன். அவன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டு “சரி விடு, சரி விடு” என்று இரண்டு பக்கமும் தலையாட்டுவான். உங்களுக்கு வாய்த்த புருஷன் அப்படி. எனக்கு வாய்த்த அண்ணனும் அப்படி. எழுதினால் யாரும் குறுக்கே வர முடியாது.

மூன்று வருஷமாக இதைப் பற்றி நான் உங்களிடம் வாயைத் திறக்கவில்லை. மற்ற எல்லாரிடமும் திறந்தேன், அதை ஒளிக்கவில்லை. நீங்கள் மறந்துபோயிருக்கலாம், அல்லது மறந்த மாதிரி இருக்கலாம். அதனால் ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஹோட்டலில் உடை மாற்றும் அறையிலிருந்து ரிசப்ஷனுக்குப் போகும் நடையில் கண்ணாடி கிடையாது. பெண்கள் நின்று நின்று நேரத்தைப் போக்குகிறார்கள் என்று என்றைக்கோ கழற்றிவிட்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் ஜோடி. வேலைக்குப் போகும்முன் இரண்டு பேர் எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருத்தி மற்றவளின் தலைமுடி, பல், காலர், நகம், ஷூ எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் தோள்பக்கம் குனிந்து மோந்து பார்க்க வேண்டும். ஏதாவது குறை இருந்தால் வாயால் சொல்லக் கூடாது. நம் உடம்பில் அதே இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். பல்லில் ஏதாவது ஒட்டியிருந்தால் நம் உதட்டை. வாடை அடித்தால் நம் தோளில் இரண்டு விரல். பக்கத்தில் நிற்பவளுக்குக்கூடத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கள். என்னை அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் நீங்கள். என் ஜோடியும் நீங்கள்.

ரிசப்ஷனுக்குத் தலைமைப் பொறுப்பில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க முதலாளிகள் வந்த அன்று என்ன செய்தீர்கள்? ஒரு வாரமாக மழை. என் கோட்டு கீழ்த்தளத்தில் வெந்நீர்க் குழாய்மேல் தொங்கிக் காய்ந்தது. காய்ந்ததாக நினைத்துப் போட்டுக்கொண்டேன். நீங்கள் என் தோள்பக்கம் குனிந்தீர்கள். மூச்சை இழுத்தீர்கள். நிமிர்ந்து, “நல்லா இருக்கு, போ” என்றீர்கள்.

ஈரவாடை உடனே வராது, உடம்புச் சூடு ஏற ஏறத்தான் கிளம்பும். விளக்குக்குக் கீழே வரிசையாக நின்றோம். போட்டிருப்பவளுக்கு அது பழகிப்போய்விடும், தெரியாது. நம் பொது மேலாளர், எந்நேரமும் கறுப்புக் கோட்டைக் கழற்றாததால் நாம் கோட்டு மாமா என்போமே, அவர் முதலாளிகளைக் கூட்டிக்கொண்டு வரிசையாக வந்தார். என் முன்னால் நின்றார். மூக்கைச் சுளித்தார். “மன்னிக்கணும் சார், யாரோ நனைஞ்ச நாயை உள்ளே விட்டுட்டாங்க போலிருக்கு” என்றார். முதலாளிகள் சிரித்தார்கள். வாசலில் கதவு திறப்பவர்கூடச் சிரித்தார்.

நானும் சிரித்தேன், அண்ணி. அது நான்தான் என்று தெரியாமல் பல்லைக் காட்டிக்கொண்டு சிரித்தேன். அப்புறம்தான் அவர் என்னைப் பார்த்து, வாசலைப் பார்த்துக் கையை நீட்டினார்.

அன்று சாயங்காலம் அந்தப் பொறுப்பு உங்களுக்கு வந்தது. சந்தோஷம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்க்கும் நிறுவனம் ஹோட்டல்களுக்குப் போய், ஊழியர்களின் பணிமரியாதையும் தோற்றமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து மதிப்பெண் போடும். இந்த வருஷம் உங்கள் முதலாளிகள் எங்களை அழைத்திருக்கிறார்கள். வரப்போவது நான். உறவுக்காரர் இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது விதி. “அண்ணன் பொண்டாட்டி இருக்காங்க சார், பேச்சுவார்த்தை இல்ல” என்று சொன்னேன். “அப்ப தயவு தாட்சண்யம் இருக்காது, நீயே போ” என்றார் என் மேலதிகாரி.

சரியாகத்தான் சொன்னார். அந்தக் கோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கவில்லை. தோளின் உள்பக்கம் குழாயின் துருக்கோடு அப்படியே இருக்கிறது. சோர்வாக இருக்கும் நாட்களில் எடுத்துப் பார்த்துக்கொள்வேன். உடனே தெம்பு வந்துவிடும்.

சுண்டு

*

ஜூன் 12

சுண்டுவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பணிமரியாதையைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவள், பெரியவர்களுக்கு எழுதும்போது இப்படித்தான் தொடங்க வேண்டும். மறந்திருப்பாய், ஞாபகப்படுத்தினேன்.

அன்று உன்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தேன். கொண்டையில் ஒரு முடி பிரியவில்லை. காலர் கத்தி மாதிரி நின்றது. ஷூவில் என் முகம் தெரிந்தது. நான் பார்த்தவரையில் உன்மேல் ஒரு குறையும் இல்லை. அதைத்தான் சொன்னேன். அதற்குமேல் உனக்கு விளக்கம் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. கேட்க வேண்டிய நாளில் நீ கேட்கவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிப் போனாய்.

போகும்போது வாசலில் நின்று என்ன சொன்னாய் என்பது நினைவிருக்கிறதா? “கூடவே இருந்து குழி பறிச்சவ” என்றாய். மாடி வீட்டில், எதிர் வீட்டில், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாய். உன் அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். உன் பெரியப்பா மகன் கல்யாணத்தில் நான் போய் உட்கார்ந்த வரிசை காலியானது. நான் போட்ட காபியை உன் அம்மா இன்றுவரை குடிப்பதில்லை. என் கண் எதிரிலேயே தனியாகப் பால் காய்ச்சி, தனியாகக் கலந்து குடிக்கிறார்கள்.

நீ ஊரை விட்டுப் போனாய். நான் உன் அம்மாவோடு அதே வீட்டில் இருக்கிறேன். தண்டனை யாருக்கு என்று நீயே சொல்.

வா. தாராளமாக வா. என் பெண்களின் நகத்தைப் பார், பல்லைப் பார், அவர்கள் விருந்தாளியிடம் பேசும் தொனியைக் கேள். உன் கையால் ஒரு மதிப்பெண் குறைத்தால்கூட ஏன் குறைத்தாய் என்று நியாயம் கேட்பேன். நாத்தனாருக்குப் பயந்து மேஜைக்கு அடியில் ஒளிகிறவள் என்று என்னை நினைக்காதே.

சாப்பிட்டாயா என்று உன்னைக் கேட்கச் சொன்னார் உன் அண்ணன். கேட்டுவிட்டேன்.

அண்ணி

*

ஜூன் 27

அண்ணிக்கு,

நலம். நீங்களும் நலமா? போதுமா? இனி விஷயத்துக்கு வரலாமா?

நாங்கள் பெரிய ஆய்வுக்கு வரும்முன் ஒருவரை விருந்தாளி மாதிரி அனுப்பிப் பார்ப்போம். போன வாரம் உங்கள் ஹோட்டலில் சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒருவர், ரிசப்ஷன் எதிரில் சோபாவில் உட்கார்ந்து செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தாரா? அவர் எங்கள் ஆள். அலுவலகத்தில் அவருக்கு ஊமைக்கோட்டான் என்று பேர். வாயைத் திறக்க மாட்டார். ஆனால் கண்ணிலிருந்து ஒன்றும் தப்பாது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உங்கள் முழங்கைப் பக்கம் பித்தளை ஜாடி. அதில் வெள்ளைப் பூ. ஜாடிக்குள் தண்ணீர் அழுகிப்போய் நாறிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட வந்த விருந்தாளிகள் ஒவ்வொருவராக மேஜையின் அந்தக் கோடிக்கு நகர்ந்துபோய் நின்றார்கள். ஒரு குழந்தை மூக்கைப் பிடித்தது. அதன் அம்மா கையைத் தட்டிவிட்டாள். “அந்தம்மா என்ன பண்ணாங்க தெரியுமா மேடம்? ஜாடி மேலயே குனிஞ்சு பூவை அழகா அடுக்கிட்டு, எல்லாரையும் பாத்து சிரிச்சாங்க” என்றார். வாழ்க்கையில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. அண்ணி, நீங்கள் யார்? மாடியில் துணி உலர்த்திக்கொண்டே “அடுப்புல பால் பொங்கப் போகுது, இறக்கு” என்று குரல் கொடுப்பவர். எதிர் வீட்டில் கேஸ் கசிந்தபோது அந்த வீட்டுக்காரர்களுக்கு முன்னால் கண்டுபிடித்து ஓடினவர். அப்படிப்பட்ட மூக்குக்கு, முழங்கைக்குப் பக்கத்தில் அழுகிய தண்ணீர் தெரியவில்லையா? பொறுப்பு வந்ததும் மெத்தனம் வந்துவிட்டதா? அல்லது வாடையால் அவதிப்படுவது அடுத்தவர் என்றால் உங்களுக்கு அக்கறை இல்லையா?

உங்கள் மூக்குக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறேன். நேராகப் பதில் சொல்லுங்கள்.

இதையெல்லாம் முன்கூட்டியே எழுதுவது உங்கள்மேல் பரிவு வந்ததால் இல்லை. நான் வரும்வரை நீங்கள் தினமும் காலையில் பயந்துகொண்டே எழுந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். ஆய்வின் தேதியை உங்கள் நிர்வாகத்துக்குத் தனியாக அனுப்புவோம்.

சுண்டு

*

ஜூலை 5

சுண்டு,

என் மூக்குக்கு என்ன ஆயிற்று என்று நேராகக் கேட்டாய். மூன்று வருஷத்தில் நீ என்னை ஏதாவது கேட்டது இதுதான் முதல் தடவை. அதனால் பதில் சொல்கிறேன். உன்மேல் இரக்கப்பட்டு அல்ல. இதைத் தெரிந்துகொண்டால் உனக்கு வலிக்கும். நன்றாக வலிக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

எனக்கு வாடை தெரியாது. பூ தெரியாது, புகை தெரியாது, நீ சொல்கிற அந்த அழுகிய தண்ணீரும் தெரியாது. டாக்டர் இரண்டு பேரிடம் காட்டிவிட்டேன். “வந்தா வரும், வராமலும் போகலாம்” என்கிறார்கள்.

எப்போதிலிருந்து என்று அடுத்து கேட்பாய். அந்த நாளுக்கு முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து. எனக்குச் சளி கட்டி, உள்ளே காய்ச்சல். காலையில் எழுந்தால் மூக்கு கல் மாதிரி இருந்தது. விதி உனக்கும் தெரியும். சளியோடு யாரும் ரிசப்ஷனில் நிற்கக் கூடாது, பின்னறைக்குப் போக வேண்டும். ஒருத்தி பின்னறைக்குப் போனால் அவள் ஜோடியும் அன்று அவளோடு போக வேண்டும், பார்த்து அனுப்ப ஜோடி இல்லாமல் யாரும் வெளியே வரக் கூடாது. எனக்குச் சளி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், முதலாளிகள் வந்த நேரத்தில் நீ பின்னறையில் உட்கார்ந்து சாவிகளுக்கு அட்டை எழுதிக்கொண்டிருப்பாய்.

அந்தப் பொறுப்புக்காக நீ மாசக்கணக்கில் எப்படித் தவித்தாய் என்று எனக்குத் தெரியும். சமையலறையில் நின்றுகொண்டு என்னை விருந்தாளியாக வைத்து “வணக்கம், பயணம் நல்லபடியா இருந்ததா?” என்று கேட்டுக் கேட்டுப் பழகினாய். அதனால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து உன் எதிரில் நின்றேன். கண்ணால் பார்த்தவரை எல்லாம் சரியாக இருந்தது. தோள்பக்கம் குனிந்து மூச்சை இழுத்தேன். ஒன்றும் தெரியவில்லை. சளி இல்லாவிட்டாலும் ஒன்றும் இருந்திருக்காது என்று நம்பினேன். போ என்றேன்.

சாயங்காலம் கோட்டு மாமா என்னைக் கூப்பிட்டுப் பொறுப்பைக் கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் ஆசை இருந்தது. அதை உன்னிடம் பேசிவிடலாம் என்று வீட்டுக்கு வந்தேன். நீ பெட்டியோடு வாசலில் நின்றாய். தீர்ப்பே சொல்லிவிட்டாய்.

பிறகு ஏன் சொல்லவில்லை என்றால், இரண்டு காரணம். ரிசப்ஷனில் மூக்கில்லாதவளை வைத்துக்கொள்வார்களா? அது ஒன்று. உன் வாயை அடைக்க என் வாயைத் திறந்து கெஞ்ச எனக்குப் பிடிக்கவில்லை. அது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரியது.

மூக்கு போன பிறகு கண்ணை வைத்துத்தான் பிழைக்கிறேன். குழாய்மேல் தொங்கிய கோட்டுக்குத் தோளின் உள்பக்கம் துருக்கோடு விழும் என்று எழுதியிருந்தாயே, அதை நானும் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். தினமும் காலையில் என் பெண்களின் கோட்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போடச் சொல்கிறேன். பித்தளை ஜாடிக்குள்தான் கண் போகவில்லை. இன்றைக்கே கண்ணாடி ஜாடி வாங்கி வைத்துவிட்டேன்.

இன்னொன்று. அந்தச் சொல்லைச் சொன்னது கோட்டு மாமா. சிரித்தவர்கள் முதலாளிகள். மூன்று வருஷமாக நீ பல்லைக் கடித்தது என் பேரைச் சொல்லி. அவர் பெரிய மனிதர், நான் அண்ணிதானே.

இப்போது உன் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டேன். ரிசப்ஷன் தலைவிக்கு மோப்பமே கிடையாது என்று ஒரு வரி எழுது. நாளைக்கே என்னை அனுப்பிவிடுவார்கள். எழுதிவிட்டு, ராத்திரி உனக்குத் தூக்கம் வந்தால் தூங்கு.

அண்ணி

*

ஜூலை 21

அண்ணிக்கு,

இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் தடவை உங்களைத் திட்டி எழுதினேன், இரண்டாவது தடவை என்னைத் திட்டி எழுதினேன். இரண்டும் சரியில்லை.

நீங்கள் சொன்னதை முதலில் நம்பவில்லை. மாட்டிக்கொண்டதும் புதுக் கதை கட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அண்ணனுக்குப் போன் பண்ணினேன். உங்கள் மூக்கைப் பற்றி நேராகக் கேட்கவில்லை. வீட்டில் என்ன சமாசாரம் என்று சும்மா பேச்சுக் கொடுத்தேன். “அவளுக்கு என் மேல என்ன ஒரு நம்பிக்கை தெரியுமா? தினம் காலைல பால் பாத்திரத்தை என் மூஞ்சிக்கிட்ட நீட்டி, நல்லா இருக்கா பாருங்கன்னு கேப்பா. நான் சரின்னு சொன்னாத்தான் அடுப்புல வைப்பா. அம்மாவுக்குக்கூட என் மேல அவ்வளவு நம்பிக்கை கிடையாது” என்றான். பெருமையாகச் சொன்னான், அண்ணி. மூன்று வருஷமாக எதற்கு என்று தெரியாமலே பாலை மோந்துகொண்டிருக்கிறான். இப்படி ஒரு அப்பாவியை எங்கேயும் பார்க்க முடியாது.

ஆக, உங்களுக்கு மூக்கு இல்லை. நம்புகிறேன்.

ஆனால் கோபம் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். எனக்காகச் செய்தேன் என்கிறீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? “சுண்டு, எனக்குச் சளி, மோந்து பாக்க முடியல, என்ன பண்ணலாம்?” என்று காதோடு சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? நானே கோட்டைக் கழற்றி மோந்து பார்த்திருப்பேன். அல்லது பின்னறைக்கே போயிருப்பேன். சாவிக்கு அட்டை எழுதுவது எவ்வளவோ மேல். நாற்றத்தோடு நின்று, என்னைப் பார்த்துச் சிரித்தவர்களோடு நானும் சேர்ந்து சிரித்ததைவிட எவ்வளவோ மேல். எனக்கு எது நல்லது என்று நீங்களாகவே முடிவு பண்ணினீர்கள். நான் கேட்காமல் தீர்ப்புச் சொன்னேன், நீங்கள் கேட்காமல் தியாகம் பண்ணினீர்கள். இரண்டும் ஒரே லட்சணம்தான்.

நீங்கள் எழுதியதில் ஒரு வரி மட்டும் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. அவர் பெரிய மனிதர், நான் அண்ணிதானே என்ற வரி. சாப்பிடும்போதும் அது ஞாபகத்துக்கு வருகிறது. எவ்வளவு சௌகரியமாக இருந்தது எனக்கு! அவரைத் திட்ட ஹோட்டலுக்குப் போக வேண்டும். உங்களைத் திட்ட வீட்டு வாசல் போதும்.

ஆய்வுக்கு வருவேன். பார்த்ததை எழுதுவேன், அதில் தயவு இல்லை. உங்கள் மூக்கை என்ன செய்வது என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. தெரிந்தாலும் இப்போது சொல்ல மாட்டேன். கொஞ்ச நாள் தவியுங்கள். நான் தவித்தேன் இல்லையா?

சுண்டு

*

ஆகஸ்ட் 9

அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல். இந்தத் தடவை மனதார எழுதுகிறேன், நம்பினால் நம்புங்கள்.

வியாழக்கிழமை நடந்ததில் நீங்கள் மேஜைக்குப் பின்னால் நின்று பார்த்தது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன். சொல்லச் சொல்ல இனிக்கிறது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

கோட்டு மாமாவுக்கு என் முகம் நினைவில்லை. முடியைக் குட்டையாக வெட்டியதாலா, கண்ணாடி போட்டதாலா என்று முதலில் யோசித்தேன். இரண்டும் இல்லை. சிரித்தவர்களுக்கு நினைவிருக்காது, அவ்வளவுதான். “வாங்க மேடம், வாங்க மேடம்” என்று முதலாளிகளோடு என்னையும் கூட்டிக்கொண்டு ஹால் முழுக்கச் சுற்றினார். வெளியே மழை. உள்ளே எல்லா விளக்கும் எரிந்தது. “இங்க தோற்றத்துல ஒரு சமரசமும் கிடையாது மேடம். வாசல்ல நிக்கிறவர்லேருந்து என் வரைக்கும் ஒரே சட்டம்தான்” என்றார். அந்தக் கறுப்புக் கோட்டின் பொத்தானைத் தடவித் தடவிப் பேசினார்.

உங்கள் பெண்களின் வரிசைக்கு வரும்போது எனக்கு அது வந்தது. அந்த வாடை. ஆயிரம் வாடையில் எனக்கு அது தெரியும். ஒரு கணம் என் மேலேதான் அடிக்கிறதோ என்று உடம்பு கூசிப்போனது. என் தோளை நானே மோந்து பார்த்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் மேல் இல்லை. பெரிய முதலாளி கார்ப்பெட்டைப் பார்த்தார். சின்ன முதலாளி மேலே கூரையைப் பார்த்து, “எங்கேயாவது ஒழுகுதா?” என்று கேட்டார்.

கோட்டு மாமாவும் மூக்கை உறிஞ்சினார். தன் மேல் அடிப்பது தனக்குத் தெரியாது, பழகிப்போயிருக்கும். அவர் கண் உங்கள் வரிசையில் மேய்ந்தது. கடைசியில் நின்ற, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்மேல் போய் நின்றது. அவள் வெளுத்துப்போனாள். அவர் வாயெல்லாம் சிரிப்பாக முதலாளிகள் பக்கம் திரும்பினார். “மன்னிக்கணும் சார், யாரோ நனைஞ்ச...” என்று தொடங்கினார்.

அதே வார்த்தை, அண்ணி. இத்தனை நாளில் ஒரு புது நகைச்சுவைகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

“சார், ஒரு நிமிஷம்” என்றேன். தூணுக்குப் பக்கத்தில் தனியாகக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே என் தோளில் இரண்டு விரலை வைத்தேன். அவருக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? அவருக்கு எந்தக் காலத்திலும் ஜோடி கிடையாதே. யார் எதிரிலும் அவர் நின்றதே இல்லையே. அதனால் குரலைத் தாழ்த்தி, அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “உங்க கோட்டு சார்” என்றேன். நம்புங்கள், முறைப்படிதான் செய்தேன். யாருக்கும் தெரியாமல்தான் சொன்னேன். நாய் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

அவர்தான் கெடுத்துக்கொண்டார். “என் கோட்டா? என் கோட்டா நாறுது?” என்று ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். சாவி வாங்க வந்த விருந்தாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். “என் ரிசப்ஷன் ஹெட் பாத்து நல்லா இருக்குன்னு சொன்னாங்களே!” என்றார். எல்லாரும் உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் பேனாக்களை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தீர்கள்.

“கழட்டிடுங்க” என்றார் பெரிய முதலாளி. கழற்றினார். அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. அவருடைய சட்டையில் காலரும் நெஞ்சுப்பக்கமும் மட்டும்தான் இஸ்திரி போட்டிருந்தது. கையும் முதுகும் பிழிந்து உதறிய துணி மாதிரி சுருங்கிக் கிடந்தன. சட்டையின் மடிப்பு கலைந்ததற்கு எத்தனை பேரை அவர் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்! அந்த முதுகோடு மீதி ஆய்வு முழுக்க எங்களுக்கு முன்னால் நடந்தார். வாசலில் கதவு திறப்பவர், அதே ஆள், முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

என் அறிக்கையில் அவரைப் பற்றி எழுதியது இவ்வளவுதான்: பொது மேலாளரின் கோட்டில் ஈரவாடை, தனியாகச் சொல்லப்பட்டது, அவரே உரக்கச் சொன்னார். வேறு ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. முதலாளிகள் அவரை எங்களிடம் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். அடுத்த மாதம் வருகிறார். வகுப்பு எடுப்பது நான். முதல் வரிசையில் உட்கார வைத்து, நகத்தை நீட்டச் சொல்லப்போகிறேன்.

உங்கள் விஷயம். கண்ணாடி ஜாடியில் தண்ணீர் தெளிவாக இருந்தது. பெண்களின் தொனியும் நன்றாக இருந்தது. ஒரு மதிப்பெண் குறைத்திருக்கிறேன், உங்கள் இடது கைக் காலர் பொத்தான் நூல் தொங்கியது, நியாயம் கேட்பதாக இருந்தால் கேளுங்கள். ரிசப்ஷன் தலைவிக்கு மூக்கு வேலை செய்ய வேண்டும் என்று எங்கள் விதிகளில் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. இல்லாததை நான் எழுத முடியாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று கற்றுக்கொண்டுவிட்டேன், பாருங்கள். காலையில் அவர் உங்களிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டாராமே. பாவம், வாடை தெரியாமல்தான் நல்லா இருக்கு என்று சொன்னீர்களா?

சுண்டு

*

ஆகஸ்ட் 16

சுண்டுவுக்கு,

நலம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதுகு வருகிற இடத்தை மட்டும் இன்னொரு தடவை படித்தேன்.

கையில் பொத்தான் இருந்தால் அதைக் காலர் பொத்தான் என்று சொல்வதில்லை. கைப்பொத்தான். ஆய்வாளருக்கு இது தெரிய வேண்டும். மதிப்பெண் குறைத்தது நியாயம்தான், நூல் தொங்கியது.

கோட்டு மாமா என்மேல் கோபமாகத்தான் இருக்கிறார். ஆனால் என்னை என்ன கேட்பார்? “நான் நாறினேன், நீ ஏன் சொல்லலை?” என்றா? கேட்க வாய் வரவில்லை. என்னைப் பார்த்தால் வேறு வழியாகப் போகிறார்.

உன் அம்மாவிடம் என் மூக்கைப் பற்றிச் சொல்லிவிட்டேன். நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன், நீ சொல்லவில்லை. எழுந்து போனார்கள். மறுநாள் பால் பாத்திரத்தை என் புருஷன் மோந்து பார்க்கும்முன் அவர்களே வாங்கி மோந்து பார்த்தார்கள். காபியை இன்னும் தனியாகத்தான் கலந்துகொள்கிறார்கள். இரண்டு டம்ளர் கலக்கிறார்கள். ஒன்று எனக்கு. சர்க்கரை வேண்டுமென்றே குறைவாகப் போடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

இனி உன் கேள்வி.

ஆய்வு அன்று காலை அவர் நடையில் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியும் இல்லை, ஜோடியும் இல்லை. என்னைப் பார்த்ததும் கோட்டை நீட்டி, “கொஞ்சம் போட்டு விடும்மா, எப்படி இருக்குன்னு பாரு” என்றார். வாங்கினேன். கை போடுவதற்காக விரித்துப் பிடித்தேன். தோளின் உள்பக்கம், லைனிங்கின்மேல், ஒரு விரல் அகலத்துக்குத் துருக்கோடு. புதுசு. நான்கு நாளாக விடாத மழை, துணி வெளுக்கும் இடத்தில் இயந்திரம் ரிப்பேர், அவர் கோட்டும் குழாய்மேல்தான் காய்ந்திருக்கிறது.

எனக்கு மூக்குத்தான் இல்லை சுண்டு. கண் இருக்கிறது.

தோளில் போட்டுவிட்டேன். காலரை நீவிவிட்டேன். தூசியைக்கூடத் தட்டிவிட்டேன். முறைப்படி தோள்பக்கம் குனிந்து மூச்சை இழுத்தேன். நிமிர்ந்து, “நல்லா இருக்கு சார், போங்க” என்றேன்.

செய்யாததற்காக என்னை மூன்று வருஷம் திட்டினாய். இனி தாராளமாகத் திட்டு. செய்துவிட்டேன்.

அண்ணி